இன்னொரு கரண்டி

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்த அன்று கம்பெனி கேன்டீனில் எல்லோரும் இருந்தோம். காளையார்கோவிலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஸ்டெல்லா இருந்தாள். புதுவயல் ரியாஸ் இருந்தான். வேலை பார்க்கும் சுத்த அறைக்குள் வாசனை எதுவும் பூசிக்கொண்டு போகக்கூடாது என்பதால், வளைகுடாவிலிருந்து அவன் மாமா அனுப்பிய அத்தரை வருஷம் முழுக்கப் பெட்டியிலேயே வைத்திருந்தவன், அன்றைக்கு மொத்தமாகப் பூசிக்கொண்டு வந்திருந்தான். மேனேஜர் இருந்தார். தரக்கட்டுப்பாட்டு மேடம் இருந்தார். வாட்ச்மேன் பெரியவர்கூட கேட்டைப் பூட்டிவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் இல்லை.

லட்டும் மிக்சரும் வைத்த தட்டுகளை மேசையில் அடுக்கிவிட்டுக் கேன்டீன்காரர் போய்விட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆளில்லாததால் யாரும் எடுக்கவில்லை. கூட்டம் முடிந்து கிளம்பும்போது தட்டுகள் அப்படியேதான் இருந்தன. "அந்தண்ணன் இருந்திருந்தா இந்நேரம் வாயிலயே திணிச்சிருப்பாரு" என்றான் ரியாஸ். ஸ்டெல்லா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவர் பெயரை எழுதவில்லை. அவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். இந்தத் தொழிலில் நடந்த ஒரு தப்பு, நாம் போவதற்கு முன்னாலேயே அடுத்த கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அமராவதிபுதூரைத் தாண்டி, முள்ளுக்காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தக் கம்பெனி. பெரிய எஃகுத் தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்து, அவை சுரக்கும் ஒரு நொதியை வடித்து எடுத்துப் பொடியாக்குவார்கள். சாப்பாடு செரிக்காதவர்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் அந்தப் பொடி சேரும். ஒரு வருஷம் சம்பளத்தோடு பயிற்சி, நன்றாகச் செய்கிற இரண்டு பேருக்கு நிரந்தர வேலை என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். என் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு விளக்க ரொம்ப நாள் முயன்றேன். கடைசியில் அவளே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டாள். தெருவில் கேட்பவர்களிடம், "மருந்துக் கம்பெனில கிருமிக்குச் சோறு போடுறான்" என்று சொல்வாள். இதை நான் வெட்கத்தோடு சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா சரியாத்தானே சொல்லியிருக்காக. சோறு போடுற வேலைன்னா லேசா?" என்றார்.

அவருக்கு அது லேசான வேலை இல்லை என்று தெரியும். உயிர்வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், அப்பாவின் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டிலேயே பல வருஷம் இருந்தவர். ஆனால் அவர் அடுப்படிக்காரர் இல்லை. பந்தி விசாரிக்கிறவர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பரிமாறுகிறவர்கள் வாளியோடு ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் வெறுங்கையோடு வரிசைக்கு நடுவே மெதுவாக நடப்பார். அவருக்கு இலைகளைப் பார்ப்பதுதான் வேலை. எந்த இலையில் எது தீர்ந்தது, யார் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், எந்தக் குழந்தை அழப்போகிறது என்று பார்த்து, கண்ணாலேயே வாளிக்காரனை அனுப்புவார். அப்பா செய்ததை இவரும் செய்தார். அப்பா போனபின் மண்டபக்காரர்களே ஆள் வைத்துச் சமைக்க ஆரம்பித்தார்கள். ஆர்டர் குறைந்தது. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் சொல்வோம். அந்த அக்காவுக்கு, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையில் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எங்களில் பெரும்பாலோர் அவரைவிட வயதில் மிக இளையவர்கள். முப்பதைத் தாண்டிய அவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ்ஸுக்கு நின்றார்.

"நான் போட்ட சோறு செரிக்காம ஊரே முழிச்சிச்சு. இப்ப அதுக்கு மாத்திரையும் நானே செய்யப் போறேன்" என்று முதல் நாள் அறிமுகத்தில் சொன்னார். மேடம்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு மதியம்வரைகூடத் தாங்கவில்லை. தொட்டிகள் இருக்கும் அறைக்குப் போக வரிசையாகக் கதவுகள் உண்டு. ஒரு கதவு சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்கலாம். இரண்டும் சேர்ந்து திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். அபாய மணி அடிக்கும். அதை ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டினார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். பிறகு மேடம் இரண்டு கையிலும் தட்டு ஏந்திக்கொண்டு பின்னால் வந்தபோது, இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அலறியது.

"கதவை விடுங்க!"

"நீங்க வாரீகளே மேடம்."

"நான் வர்றேன், நீங்க விடுங்க!"

"கையில சாமானோட வாரவுக மூஞ்சில கதவச் சாத்துறது எப்படி மேடம்?"

"இங்க அதுதான் மரியாதை" என்றார் மேடம்.

அதற்குப் பிறகு அவர் கதவைச் சாத்தப் பழகினார். ஆனால் பின்னால் யாராவது வந்தால், சாத்துவதற்கு முன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுப்பார். ஒரு நாள் காதைக் கொடுத்துக் கேட்டேன். "கோவிச்சுக்கிறாதீக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கேன்டீனில் அவரை உட்காரவைக்க முடியாது. தன் தட்டை வைத்துவிட்டு ஒரு சுற்று வந்த பிறகுதான் சாப்பிடுவார். யாருக்கு ரசம் வரவில்லை, யார் அப்பளம் இல்லாமல் சாப்பிடுகிறார்கள் என்று கேன்டீன்காரரிடம் சொல்வார். "உங்களுக்குச் சம்பளம் குடுக்குறது நானா, கம்பெனியா?" என்று கேன்டீன்காரர் கடுகடுப்பார். "சாப்பிடுறவுக கேக்கமாட்டாகண்ணே, நாமதான் கேக்கணும்" என்பார் இவர், பாதி மட்டும் காதில் வாங்கியவர்போல.

ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தன் வித்தையைச் சொன்னார். "சாப்பிடுறவுக 'போதும் போதும்'னு சொல்லுவாக தம்பி. வாயப் பாக்கக் கூடாது, கையப் பாக்கணும். இலை மேல கைய ஒட்டி வச்சா நெசமாவே போதும். விரல விரிச்சு வச்சிருந்தா இன்னொரு கரண்டி."

"நெசமாவே போதும்னு வச்சிருந்தா விட்ருவீகளாண்ணே?"

"அப்பவும் அரைக் கரண்டி போடலாம்" என்றார்.

இது வேடிக்கையாகத்தான் இருந்தது, வாட்ச்மேன் பெரியவர் விழும்வரை. இவர் தன் மகள் பிறந்தநாளுக்குக் கவுனி அரிசி இனிப்புக் கிண்டிக் கொண்டுவந்திருந்தார். கறுப்பாக, தேங்காயும் நெய்யும் சேர்ந்து மினுமினுத்தது. பெரியவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வாய் போதும் என்றார். இவர் ஒரு வாய் போட்டார். "பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லாம ஒரு வாயோட நிறுத்துறீகளே" என்றார். இன்னொரு வாய். அப்புறம் பெரியவரே தட்டை நீட்டியிருக்கிறார். சாயங்காலம் கேட்டருகே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இவர்தான், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்ததும் இவர்தான். மறுவாரம் வேலைக்குத் திரும்பிய பெரியவர், "என்னயச் சாகடிக்கப் பாத்தான்யா இந்தப் பய. ஆனா சாகுறதா இருந்தாலும் அதத் தின்னுட்டுத்தான் சாகணும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் யாருக்கும் எதுவும் எடுத்து வைக்காமல் அடங்கி இருந்தார். பிறகு மறந்துவிட்டார்.

ஸ்டெல்லா விஷயம் வேறு மாதிரி. அவள் சில நாள் டப்பா கொண்டுவர மாட்டாள். கேன்டீனிலும் வாங்க மாட்டாள். தண்ணீர்ப் பாட்டிலோடு மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கும் அது தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தோம். அவர் ஒரு நாள் தன் டப்பாவின் மூடியில் பாதிச் சோற்றைப் போட்டு அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"நான் கேட்டனா?" என்றாள் அவள். "கேட்டனான்னு சொல்லுங்க. என்னையப் பிச்சைக்காரின்னு நெனச்சீகளா?"

மூடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். சாப்பிடாமலேயே டப்பாவை மூடினார். மறுநாள் மறுபடியும் கொண்டுபோய் வைத்தார். "வீட்டுல கூடப் பொங்கிட்டாக" என்றார். அதற்கு மறுநாளும் கூடப் பொங்கியிருந்தார்கள். ஸ்டெல்லா சாப்பிட ஆரம்பித்தாள். பின்னால் ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "அந்தண்ணன் பாசமா இருக்காரா, தொல்ல குடுக்குறாரான்னே தெரியல. வேணாம்னு சொல்ல விடமாட்டேங்கிறாரு. சாப்பிடுறேன், ஆனா ஒவ்வொரு தடவையும் அழுகை வருது."

இப்படிப்பட்டவரிடம் தொட்டிக்குத் தீனி கொடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் வளரும் நுண்ணுயிருக்குச் சர்க்கரைக் கரைசலைச் சிறிய பம்ப் வழியாக மெதுவாக விடுவோம். மொத்தமாகக் கொடுத்தால் வேகமாகத் தின்னும். தின்று தீர்க்க முடியாததை அமிலமாகக் கக்கும். அந்த அமிலத்திலேயே கிடந்து சாகும். அதனால் எப்போதும் கொஞ்சம் பசியோடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பசியில்தான் அவை நமக்கு வேண்டிய நொதியைச் சுரக்கும். வகுப்பில் மேடம் இதைச் சொன்னபோது, "அரை வயித்துலயே நிறுத்திரணுமா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா."

"கடைசிவரைக்குமா?"

"கடைசிவரைக்கும்தான்."

"பாவம் மேடம்."

வகுப்பே சிரித்தது. "நம்மளயும் அப்படித்தானண்ணே வச்சிருக்காக" என்று ரியாஸ் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். அதற்கு மேடம் சிரிக்கவில்லை.

பசியை எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டிக்குள் ஒரு மானி இருக்கிறது. கரைந்திருக்கும் ஆக்சிஜனை அது அளந்து திரையில் எண்ணாகக் காட்டும். அவை தின்னும்போது மூச்சு வாங்கும், எண் இறங்கும். தீனி தீர்ந்தால் எண் ஏறும். எண் ஏறினால் பசி என்று பொருள். உடனே தீனியைக் கூட்டலாம், ஆனால் அந்த நேரத்துக்குக் குறித்துக் கொடுத்த அளவு வரைக்கும்தான். அதையும் தாண்டி எண் ஏறினால் கை வைக்காமல் ஷிப்ட் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

இத்தனை மாதத்தில் அவர் ஒரு தடவைகூட அளவைத் தாண்டியதில்லை. உண்மையில் எங்களில் மிக நன்றாக அந்த வேலையைச் செய்தவர் அவர்தான். திரை முன்னால் அவர் நிற்கும் விதமே தனி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து. தொட்டியில் இருப்பவற்றை 'அதுக' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "அவுக நல்லாச் சாப்பிடுறாக இன்னைக்கு" என்பார். "கொஞ்சம் மந்தமா இருக்காக, நேத்து ராத்திரி கரண்டு போச்சுல்ல" என்பார். ஒரு நாள் மட்டும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இவுகளுக்குக் கை இல்லையே தம்பி. நம்பர நம்பித்தான் பொழைக்க வேண்டியிருக்கு." நிரந்தரமாகப் போகிற இரண்டு பேரில் ஒருவர் அவர் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். வீட்டிலும் சொல்லியிருந்தார்.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருந்தது. மதிய ஷிப்ட். நான் பக்கத்துச் சாம்பிள் அறையில் இருந்தேன். நடுவில் கண்ணாடிச் சுவர். இன்ஜினியர் பாய்லர் பார்க்க வெளியே போயிருந்தார். திரையில் எண் ஏறுவதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அவர் தீனியைக் கூட்டினார். எண் இறங்கவில்லை. குறித்த அளவைத் தொட்டாயிற்று. போனை எடுத்தார். இன்ஜினியர் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எண் ஏறிக்கொண்டே இருந்தது. போனை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் இங்குட்டும் அங்குட்டும் நடந்தார். கண்ணாடியைத் தட்டினேன், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தபடியே பம்பின் திருகைத் திருப்பினார்.

நான் மேலங்கி மாற்றி, ஒவ்வொரு கதவாகச் சாத்தித் திறந்து அந்த அறைக்குள் போய்ச் சேர்வதற்குள் அவர் மறுபடியும் திருப்பியிருந்தார். அமில அளவு சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. நுரை தொட்டியின் சின்னக் கண்ணாடிச் சன்னல்வரை ஏறியிருந்தது.

"என்னண்ணே பண்ணிட்டீக!"

"கேட்டுக்கிட்டே இருக்காக தம்பி. குடுக்கக் குடுக்கக் கேக்குறாக. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?"

நான் பம்பை நிறுத்தினேன். பிரயோஜனம் இல்லை. உள்ளே இருந்தவற்றுக்கு முன்னாலேயே வயிறு நிறைந்துவிட்டிருந்தது. பொய் சொன்னது மானி. அதன் முனையில் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருந்தது. சவ்வு பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மேடம் சொல்லி நாளாகியிருந்தது. வாங்க அனுமதி வரவில்லை. அதனால் அது தொட்டிக்குள் என்ன நடந்தாலும் பசி, பசி என்றே காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. கூட இருந்த சாட்சி என்று என்னையும் கூப்பிட்டார்கள். பிரிந்து தண்ணீராகிப்போன அந்தத் தொட்டியைச் சாக்கடைக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் வாடை அறைவரை வந்தது.

"அளவு எவ்வளவுன்னு தெரியுமா தெரியாதா?" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார்."

"அப்ப ஏன் போட்டீங்க?"

"பசின்னு காட்டுச்சு சார்."

"காட்டட்டும். செத்தா சாகட்டும்னு விட்டுட்டு வந்து என்னைக் கூப்பிட்டிருக்கணும். அதுக்குத்தானே ஒரு வருஷமா சொல்லிக் கொடுத்தோம்?"

நான் மானியைப் பற்றிச் சொன்னேன். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உனக்கு இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கு" என்றார். அதற்குப் பிறகும் சொன்னேன். மேடமும் ஆமாம் என்றார், மானி கெட்டுத்தான் இருந்தது என்றார். யாரும் மறுக்கவில்லை. அந்த வாரமே புது மானி வந்தது. அவரை அதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் வேறெங்கும் சொல்ல மாட்டோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஆனாலும் திருச்சியில் அவர் கேட்டுப் போன இடத்தில் தொட்டிக் கதை முன்னாலேயே தெரிந்திருந்தது.

சான்றிதழ் கொடுத்த அன்று மேனேஜர் ஒரு தொட்டி வீணானதைச் சொல்லி, இந்த வருஷம் யாரையும் நிரந்தரமாக எடுக்கும் நிலையில் கம்பெனி இல்லை என்றார். ஒருசிலர் அந்தண்ணனைத் திட்டினார்கள். "அவரு நல்லா செஞ்சிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாக" என்றான் ரியாஸ். "கேட்டுல போய்ப் பாரு." கேட்டில் அடுத்த வருஷத்துப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் புதுப் பையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் மேலங்கிகளைத் துவைத்து அவர்களுக்குக் கொடுக்க எடுத்துவைத்திருந்தார்கள். ஸ்டெல்லா இப்போது ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நான் வேறொரு ஊரில், வேறொரு கம்பெனியில், மறுபடியும் பயிற்சியில் இருக்கிறேன். இங்கேயும் இரண்டு பேரை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன ஆடி மாதம் லீவில் வந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். கோவிலூர் போகிற வழியில் ஒரு சந்தில் வீடு. "வாங்க தம்பி, வாங்க வாங்க" என்று வாசலுக்கே வந்துவிட்டார். இளைத்திருந்தார். ஒரு பெரிய கேட்டரிங்காரரிடம் தினக்கூலிக்கு வாளி தூக்குகிறார். பந்தி விசாரிக்க விடுவதில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு கல்யாணத்துல விட்டாக. அப்புறம் வேணாம்னுட்டாக. இப்பல்லாம் இலைக்கு இவ்வளவுன்னு கணக்குத் தம்பி. நான் நடந்தா பந்திக்கு ஒரு அண்டா கூடப் போகுதாம்."

"சொந்தமா எடுத்துச் செய்யலாமேண்ணே?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்காதான் சொன்னார். தேவகோட்டையிலிருந்து அவர் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு குடும்பம் ஆவணிக் கல்யாணத்துக்கு இவரையே தேடி வந்திருக்கிறார்கள். வெற்றிலை பாக்கோடு முன்பணமும் தட்டில் வைத்திருக்கிறார்கள். இவர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சமைக்கப் பாத்திரம் இல்லை. வாடகைக்கு எடுக்கலாமென்றால் கடைக்காரர் கேட்கும் டெபாசிட், முன்பணத்துக்கு மேலே இருந்தது.

பாத்திரமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பயிற்சிக்குப் போன வருஷந்தான் தம்பி வித்தோம்" என்றார் அக்கா. "பயிற்சிக்குக் குடுத்த காசுல வீடு எங்குட்டு ஓடும்? வாடகைக்கு நிக்கும்போது அண்டாவக் குடுத்தோம். பிள்ள பீசுக்குப் பெரிய வார்ப்புச் சட்டி. அவரு யோசிச்சாரு. நாந்தான், பெர்மனென்ட் ஆகப் போறீக, இனி எதுக்கு இந்த அடைசல்னு சொல்லிச் சொல்லி எடுத்துப் போட வச்சேன்."

"நல்ல கனமான பித்தளை" என்றார் அவர். "அப்பா பேரு வெட்டியிருக்கும். கடைக்காரரு பேரெல்லாம் பாக்கல, எடைதான் பாத்தாரு." பிறகு, "தம்பிக்குக் காப்பி கொண்டா, பலகாரம் இருந்தா எடு" என்று பேச்சை மாற்றினார். காப்பித்தூளும் இல்லை, பலகாரமும் இல்லை என்று அக்கா கண்ணாலேயே சொன்னார்.

மொத்தம் எவ்வளவு வந்தது என்று நான் கேட்டேன். அவர் எழுந்து காப்பி வாங்கிவர வெளியே போனார். அவர் சந்து திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு அக்கா சொன்னார்.

"முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபா."